நேர்ந்துவிட்ட கடல்

எங்கள் ஊரில் கடல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் அலை வரைகிறவள் என்று சொன்னதும், "ராஜபாளையத்துல ஏது அலை?" என்று மடக்காத ஆளை இதுவரை பார்த்ததில்லை. மேற்கே மலை, கிழக்கே கரிசல், நடுவில் மில்களும் பேண்டேஜ் கம்பெனிகளும். கடல் வேண்டுமென்றால் சங்கரன்கோவில், திருநெல்வேலி, அதையும் தாண்டிச் செம்மணல் மேடான தேரிக்காடு என்று அரைநாள் போக வேண்டும். நான் போவேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது, என் பழைய காரின் தலைமேல் சர்ஃபிங் போர்டைக் கட்டிக்கொண்டு போவேன். அதைப் பார்த்து, "வாசக்கதவு எங்க வாங்குனீங்க, நல்லாருக்கே" என்று டோல்கேட்டில் ஒருவர் விசாரித்திருக்கிறார்.

பிழைப்புக்கு ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். கை சும்மா இருக்காது. ஒரு காதுகுத்து பேனரில் குழந்தைக்குப் பின்னால் ரோஜாத் தோட்டத்துக்குப் பதிலாக நுரை தள்ளும் ஒரு பெரிய அலையை வைத்துவிட்டேன். எனக்கு அது பிரமாதமாகத்தான் தெரிந்தது. தாய்மாமன் கடைக்கே வந்துவிட்டார். "எங்க புள்ளைய சுனாமியில தள்ளிவிட்டுட்டியேம்மா" என்று நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டார். அன்று மாலைக்குள் ரோஜாத் தோட்டம் திரும்பி வந்தது.

இந்தப் பைத்தியம் பிடித்ததும் ஒரு பேனரால்தான். சில வருஷங்களுக்கு முன்பு, கடற்கரையில் நடந்த ஒரு அலைச்சறுக்குப் போட்டிக்கு பேனர் அடித்துக் கொடுத்தோம். கட்டுகிறவருக்குக் காய்ச்சல் என்று நானே எடுத்துக்கொண்டு போனேன். பாறையும் மேடுமாகக் கிடக்கிற ஊர். கரை நேராக இல்லாமல் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்கைச் சுற்றிக்கொண்டு அலை நீளமாக உருண்டு வந்தது. அதன் மேல் ஒரு பெண் நின்றுகொண்டு வந்தாள். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பாளே ஒருத்தி, அந்தச் சாவகாசம். நான் பேனர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன்.

அவள் அந்த ஊர் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். சர்ஃபிங் கற்றுக்கொடுப்பதுதான் அவள் தொழில். நான் கரையில் உட்கார்ந்து அலையை வரைந்துகொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்கன இருந்து பாத்தா எல்லாருக்கும் தெரியிறதுதான் ஒங்களுக்கும் தெரியும். உள்ள வாங்க" என்றாள். எனக்கு நீச்சல் தெரியும். கிணற்று நீச்சல். அந்தத் தைரியத்தில் இறங்கினேன். முதல் நாள் நான் குடித்த உப்புத் தண்ணீரில் ஒரு கல்யாணத்துக்குச் சாம்பார் வைக்கலாம்.

உள்ளே போனபோதுதான் ஒன்று தெரிந்தது. கரையில் நிற்பவர்களுக்கு அலையின் முகம் தெரியும். படம் எடுப்பவர்களும் வரைபவர்களும் அந்த முகத்தைத்தான் பிடிக்கிறார்கள். போர்டில் உட்கார்ந்து உள்ளே காத்திருப்பவர்களுக்கு முதுகு தெரியும். நம்மைத் தூக்கி இறக்கிவிட்டு அது கரையைப் பார்க்கப் போகும்போது, பின்னாலிருந்து பார்த்தால், நனைந்த எருமையின் முதுகு மாதிரி வழவழவென்று அமைதியாக இருக்கும். உச்சியில் மட்டும் கொஞ்சம் தூவானம் பின்னோக்கிப் பறக்கும். கரையில் அத்தனை சத்தம் போட்டு உடைவது இதுதானா என்று நம்ப முடியாது. அன்றிலிருந்து நான் முதுகைத்தான் வரைகிறேன்.

எதில் வரைகிறேன் என்றும் சொல்ல வேண்டும். என் அம்மா பேண்டேஜ் கம்பெனியில் மடிப்பு வேலை செய்கிறவள். அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கம்பெனியில் கழித்துப்போட்ட துணி வீட்டில் எப்போதும் மடித்துக் கிடக்கும். ஒருநாள் மேல் துணிக்கு அடியில் அட்டை வைக்க மறந்து, அந்த மடிப்பின் மேலேயே நீலத்தைக் குழைத்து ஒரு அலையை வரைந்துவிட்டேன். வெளுத்த துணி தண்ணீரைக் கண்டால் விடாது. சாயம் மடிப்பு மடிப்பாக உள்ளே இறங்கிவிட்டது. காலையில் பிரித்தால், மேல் துணியில் கருநீலம், அடுத்ததில் வெளிர்நீலம், அதற்கும் கீழே போகப்போக வெறும் ஈரத்தின் சாயல். அம்மா பிடித்துத் திட்டினாள். நான் காதில் வாங்காமல் ஒவ்வொன்றாக வெட்டி, ஒன்றின் பின்னால் ஒன்றாகக் கொடியில் தொங்கவிட்டேன். ஃபேன் காற்றில் துணிகள் ஒன்றையொன்று தொடாமல் ஆடின. அலை மூச்சு விட்டது.

"அடியாத்தி, நெசமாவே அசையுதேட்டி" என்றாள் அம்மா. திட்டு அத்தோடு நின்றது.

அதில் முதலாவதை வாங்கியவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். "இதப் பாத்துக்கிட்டு இருந்தா ஏசியே வேண்டாம்மா" என்று கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இது குத்தாலமா?" பாயும் சளைக்காமல், "ஆமா, நல்ல சீசன்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒருநாள் முறைத்துப் பார்த்தேன். "தண்ணின்னு புரிஞ்சிருச்சுல்ல, பொறவு என்ன?" என்றார்.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன வருஷம் நான் பாறையில் போய் மோதும்வரை. தப்பு முழுக்க என்னுடையது. அந்தப் பெண் போதும் போதும் என்று கையை ஆட்டியும் இன்னொரு அலைக்கு ஆசைப்பட்டேன். போர்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், என் வலது தோள் இன்னொரு பக்கம். தோள்பட்டை இறங்கி, ஒரு சவ்வும் கிழிந்துவிட்டது என்றார்கள். விரலை மடக்கினால் கண்ணில் தண்ணீர் வந்தது. வரைகிற கை. பயந்து போனேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

என்னைவிட அதிகம் பயந்தது அம்மா. என் கையைத் தொட்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட மறுநாளே இருக்கன்குடிக்குப் போய், மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். கை பழையபடி வந்தால் வெள்ளியில் கை செய்து போடுவதாக. அது எல்லாரும் செய்வதுதான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. கை சரியானால் இவள் இனிமேல் கடலில் காலை வைக்க மாட்டாள் என்றும் சேர்த்து நேர்ந்துவிட்டாள்.

கை சரியானது. தூக்க முடிந்தது, சுழற்ற முடிந்தது, தலை பின்ன முடிந்தது. வெள்ளிக் கையை உண்டியலில் போட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் அம்மா இரண்டாவது நேர்ச்சையைப் பற்றி வாயைத் திறந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தினேன்.

"என் கடல நேர்ந்துவிட நீ யாரும்மா? ஒன் முடிய நேர்ந்துக்கிட வேண்டியதுதான?"

"என் முடிய அவ எத்தன தடவ வாங்குவா? அலுத்துப் போயிருப்பா."

"அப்ப காபி குடிக்க மாட்டேன்னு நேர்ந்துக்கிட வேண்டியதுதான?"

"போடி, காபிக்கெல்லாம் கை வருமா? பெருசாக் கேட்டா பெருசாத்தான் குடுக்கணும். ஒங்கிட்ட இருக்கதுலயே பெருசு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

பஸ்ஸில் அவளைத் தாண்டிப் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

சாமி நம்பிக்கை எனக்கு அம்மா அளவுக்குக் கிடையாது. போய் இறங்கியிருக்கலாம். ஆனால் நான் கடலுக்குள் இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இங்கே ஒருத்தி அம்மன் கோபத்தை நினைத்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதை வைத்துக்கொண்டு எப்படி அலையில் நிற்பது? சந்து பொந்து தேடினேன். நேர்ந்தது கடலைத்தானே, கண்மாயை இல்லையே? மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்த ஒரு காலையில் போர்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ராஜபாளையத்துக் கண்மாயில் சர்ஃபிங் போர்டில் படுத்துக் கைகளால் துழாவிய முதல் மனுஷி நானாகத்தான் இருப்பேன். தண்ணீர் அசையவே இல்லை. நாலு எருமைகள் மட்டும் என்னைப் பார்த்தபடி நகர்ந்து இடம் விட்டன. கரையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், "என்ன தாயி, மீன் கெடைக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்த மாதங்கள் மோசமாக இருந்தன. கை வந்துவிட்டது, அலை வரவில்லை. வீடியோ பார்த்து வரைந்தேன். பழைய படங்களைப் பார்த்து வரைந்தேன். எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி வந்தன. கடலுக்குப் போய்வந்தால் இரண்டு நாளைக்கு உடம்பு மறக்காது. படுத்தால்கூடக் கட்டில் ஏறி இறங்கும். அந்த ஆட்டம் அடங்குவதற்குள் வரைந்துவிடுவதுதான் என் வழக்கம். ஆட்டமே இல்லாத உடம்பிலிருந்து எதை எடுத்து வரைவது? சாயம் அதே சாயம், துணி அதே துணி. தொங்கவிட்டால் பேண்டேஜ் காய்கிற மாதிரிதான் இருந்தது.

அப்போது பார்த்து அந்தக் கடற்கரைப் பெண் போன் செய்தாள். பயிற்சிக்கென்று சொந்தமாக ஒரு கூடம் கட்டியிருக்கிறாள். "அக்கா, செவரு பூரா ஒங்க துணிதான் தொங்கணும். உள்ள போறதுக்கு முன்னாடியே புள்ளைங்களுக்கு அலையோட முதுகு தெரியட்டும்" என்றாள். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்ட மிகப் பெரிய வேலை அது. சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் அழுகை வந்தது. என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு மாதம் முயன்றேன். தரை முழுக்க நீலத் துணிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா சாப்பிடக் கூப்பிட வந்தவள், கொடியில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நின்றாள். ஃபேனை வேகமாக வைத்தாள். துணி ஆடியது. வேறொன்றும் நடக்கவில்லை.

"என்னட்டி இது, உசுரே இல்லாமக் கெடக்கு?"

"எல்லாம் ஒன் புண்ணியம்" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள். சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள். நான் பாதி சாப்பிட்டபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாரியம்மங்கிட்டயே கேப்போம். பூக்கட்டிப் பாப்போம். அவ போகச் சொன்னா போ. வேண்டாம்னா, இதோட விட்ரணும். சரியா?"

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். பெண் எடுப்பது, வீடு வாங்குவது, ஆபரேஷன் செய்துகொள்வது, எதுவானாலும் மனது இரண்டாகும்போது வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் வைத்துக் கட்டி, சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒருவரை எடுத்துத் தரச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். வந்ததற்குமேல் பேச்சு கிடையாது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், அன்றைக்கு இருந்தது. வேறு வழி இல்லாதவளுக்கு எல்லாவற்றிலும் நம்பிக்கை வரும்.

சாத்தூர் வழியாகப் பஸ் மாறி இருக்கன்குடி போய்ச் சேர்ந்தோம். அம்மா அரளிப் பூ வாங்கினாள், வெள்ளையும் சிவப்பும். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து ஒரு வேப்ப மரத்தடியில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டு பொட்டலமும் கட்டினாள். நாள் முழுக்கத் துணி மடிக்கிற கை. இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல இருந்தன. மாவிளக்குப் போட வந்திருந்த ஒரு பெண்ணை அழைத்து, ஒன்றை எடுத்துத் தரச் சொன்னாள். அந்தப் பெண் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

வெள்ளை.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா, அவளே சொல்லிட்டா" என்றாள். நான் முன்பின் தெரியாத அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் பாவம், என் கல்யாணம்தான் கூடிவந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். "நல்லாயிரு தாயி" என்று தலையில் கை வைத்தாள். இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஆற்றில் விட வேண்டும் என்று சொல்லி அம்மா அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆற்றில் தண்ணீர் இருந்தால்தானே? போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டோம்.

அம்மா ஜன்னலோரம் தலையைச் சாய்த்தாள். பை என் மடியில் இருந்தது. தாகமாக இருக்கிறதே என்று தண்ணீர் பாட்டிலைத் தேடி உள்ளே கையை விட்டேன். அந்தப் பொட்டலத்தின் கட்டு தளர்ந்து, வெயிலில் வாடிய இலை தானாகவே விரிந்திருந்தது. உள்ளே இருந்ததும் வெள்ளை அரளிதான்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கண்கள் மூடியிருந்தன. தூங்குகிற ஆள் சேலைத் தலைப்பை அத்தனை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டாள். இலையை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஒரே நாளில் எத்தனைதான் சொல்வாள்?

அடுத்த வாரம் பின்னிரவிலேயே கடலுக்குக் கிளம்பியபோது அம்மாவும் பையோடு வாசலில் நின்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வந்தவளில்லை.

"உத்தரவுதான் கெடச்சிருச்சே, நீ எதுக்கும்மா?"

"சும்மாதான். கடல் எம்புட்டு இருக்குன்னு பாக்கணும்லா."

காலை வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். என் ஆசிரியையாகிய அந்தப் பெண் அம்மாவுக்குப் பாறை நிழலில் நாற்காலி போட்டுக் கொடுத்தாள். அம்மா உட்காரவில்லை. நான் போர்டில் குப்புறப் படுத்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளி உள்ளே போனேன். தோள் ஒத்துழைத்தது. உப்பு கண்ணில் ஏறியது. முதல் அலை என்னைத் தூக்கி இறக்கிவிட்டுக் கரைக்குப் போனது. முதுகைப் பார்த்தேன். நான் மறந்தே போயிருந்த ஒரு பச்சை அதில் இருந்தது. சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தேன்.

அந்த முதுகு இறங்கியதும் அதற்கு அப்பால் கரை தெரிந்தது. கரையில் அம்மா. முழங்கால்வரை தண்ணீரில், சேலை நனைவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். தும்மினாலும் "தாயே" என்கிறவள். பஸ் லேசாகக் குலுங்கினாலே கையெடுத்துக் கும்பிடுகிறவள். கும்பிடவில்லை. இரண்டு கைகளும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மன் போகச் சொல்லியிருந்தால் என்னைக் காக்கிற பொறுப்பு அம்மனுடையது. இது அம்மாவாகச் சொன்னது. எனக்காக ஏமாற்றிய இடத்திலேயே போய், எனக்காக எப்படிக் கேட்பாள்? என்னைக் கடலுக்குள் விட்டுவிட்டு, கூப்பிட ஒரு சாமிகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். இதுவரை யாரும் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள், அப்படி ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறாள் என்று தோன்றியது.

பெரிய அலைகள் வந்தன. நல்ல அலைகள். விட்டுவிட்டேன். பாறைக்கு வெகுதூரத்தில், மணல் பக்கமாக வந்த ஒரு சின்ன அலையாகப் பார்த்துப் பிடித்தேன். எழுந்தேன். கால்கள் மறக்கவில்லை. அவள் நிற்கிற இடத்தைப் பார்த்தே போர்டைத் திருப்பிக்கொண்டு, அவளுக்கு நாலடி தள்ளி வந்து இறங்கினேன்.

அம்மா முதலில் என் வலது தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். பிறகுதான் மூச்சு விட்டாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன்.

"நான் எங்க பாத்தேன்? நீ எந்திரிச்சதும் கண்ண மூடிட்டேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். "இன்னொருக்கப் போயிட்டு வாட்டி. இந்தத் தடவ பாக்கேன்."

போர்டைத் திருப்பிக்கொண்டு மறுபடி உள்ளே போனேன்.